பழைய விளக்குக்குப் புதிய துணி



ரமழான் நெருங்கும் நாள்களில் நம் இல்லங்களில் பெரிய துப்புரவுப் பணி நடைபெறுவது வழக்கம். அட்டாலியில் ஓராண்டாய்க் கிடந்தவையெல்லாம் கீழே இறங்கும். சில கழுவப்பட்டு மீண்டும் வீட்டுக்குள் இடம்பெறும். சில தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குச் செல்லும். அவ்வாறு செல்பவற்றுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை. அது துணி கிழிந்த மேசை விளக்கு. வளைகுடாவில் உழைத்த தந்தையோ மாமாவோ விடுமுறையில் வந்தபோது பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்த விளக்காக அது இருக்கலாம். திருமணச் சீராக வந்ததாகவும் இருக்கலாம். அதன் அடிக்கட்டை உறுதியாக இருக்கும். கம்பி வளையம் வளையாமல் இருக்கும். மேலே போர்த்தியிருந்த துணி மட்டும் மஞ்சளித்து, பொரிந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். கடைக்காரர்கள் 'லேம்ப் ஷேடு' என்று கூறும் இப்பகுதியை இக்கட்டுரையில் விளக்குக் கூடு என்றே குறிப்பிடுகிறேன்.

துணி போயிற்று என்பதற்காக விளக்கையே எறிய வேண்டியதில்லை என்பதும், துணியை மாற்றுவது ஒரு பிற்பகலில் முடியும் வேலை என்பதும், அந்தச் சிறிய வேலைக்குள் நம் மார்க்கம் கற்பிக்கும் சில பெரிய பாடங்கள் அடங்கியுள்ளன என்பதும் என் கருத்து. துணி நெய்யும் ஊரான சோமனூரில் வாழ்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருப்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

விளக்குக்கு ஆடை தேவையா?

முதலில் ஓர் ஆட்சேபத்தை எதிர்கொள்வோம். மார்க்கப் பற்றுள்ள சிலர், "விளக்குக்குத் துணி போர்த்துவதே ஆடம்பரம், அது கிழிந்தால் விட்டுவிட வேண்டியதுதானே?" என்று கேட்கக்கூடும். இக்கேள்விக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் ஒரு செய்தியை அவர்கள் மனத்திற் கொண்டிருக்கலாம். நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணம் சென்றிருந்த வேளையில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வேலைப்பாடுள்ள விரிப்பொன்றை வாசலில் திரையாகத் தொங்கவிட்டார்கள். திரும்பி வந்த நபியவர்கள் அதை விரும்பவில்லை. அதைப் பற்றி இழுத்துக் கிழித்துவிட்டு, கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு இறைவன் நமக்குக் கட்டளையிடவில்லை என்ற கருத்தைக் கூறினார்கள்.

பலர் இச்செய்தியை இவ்விடத்தோடு நிறுத்திவிடுவர். ஆனால் அதன் பிற்பகுதியே நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. கிழிந்த அந்தத் துணியை அன்னையார் வீசி எறியவில்லை. அதை வெட்டி, உள்ளே ஈச்ச நார் அடைத்து, இரண்டு தலையணைகள் செய்தார்கள். அதை நபியவர்கள் குறை கூறவில்லை. அலங்காரத்துக்காக வாசலில் தொங்கிய துணி, தலை சாய்க்கும் பயன்பாட்டுக்கு இறங்கி வந்தது. அழகுக்கும் ஆடம்பரத்துக்கும் இடையிலுள்ள கோட்டை மட்டுமன்று, கிழிந்த துணியை என்ன செய்ய வேண்டும் என்பதையும் அந்த வீடு நமக்குக் காட்டிவிட்டது.

இச்செய்தியை விளக்கும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், சுவருக்குத் துணி போர்த்துவது ஹராம் அன்று, விரும்பத்தகாதது என்ற அளவிலேயே நிற்பதாக எழுதியுள்ளார்கள். விளக்குக் கூட்டின் நிலை அதனினும் இலகுவானது. அது கல்லுக்கு உடுத்திய ஆடையன்று. வேலை செய்யும் கருவி. விளக்கின் கூசும் ஒளியைத் தணித்து, புத்தகத்தின் மீதும் குர்ஆன் ரிஹாலின் மீதும் மென்மையாக விழச் செய்கிறது. நள்ளிரவில் தஹஜ்ஜுதுக்கு எழும் முதியவர், அருகில் உறங்கும் பேரக்குழந்தையின் கண்ணில் வெளிச்சம் பாயாமல் உளூச் செய்யப் புறப்பட உதவுகிறது. பயனுக்காகப் போர்த்துவதும் பெருமைக்காகப் போர்த்துவதும் ஒன்றல்ல.

நபி (ஸல்) அவர்களின் காலத்து வீடுகளில் விளக்கே அரிதாக இருந்தது என்பதையும் நினைவுகூர வேண்டும். இரவில் நபியவர்கள் தொழும்போது தம் கால்கள் அவர்களுக்கு முன்னால் நீண்டிருந்ததையும், ஸஜ்தாவின்போது அவர்கள் தொட்டுணர்த்தத் தாம் கால்களை மடக்கிக்கொண்டதையும் கூறும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், அக்காலத்தில் வீடுகளில் விளக்குகள் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். புகாரீயில் இது பதிவாகியுள்ளது. பள்ளிவாசலில் முதன்முதலாக விளக்கேற்றியவர் தமீமுத் தாரீ (ரலி) அவர்கள் என்று இப்னு மாஜாவில் ஒரு செய்தி உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. ஆயினும் விளக்கு என்பது அந்தச் சமூகத்தில் எத்தகைய அரிய பொருளாக இருந்தது என்பதை இவை உணர்த்துகின்றன. இன்று ஒவ்வோர் அறையிலும் இரண்டு மூன்று விளக்குகள் வைத்திருக்கும் நாம், அவற்றில் ஒன்றைத் துணி கிழிந்ததற்காக எறியும்போது எவ்வளவு பெரிய அருட்கொடையை எவ்வளவு எளிதாகக் கைவிடுகிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

வீண்விரயமும் கஞ்சத்தனமும்

உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்துடைய வசனத்தை (7:31) நாம் பெரும்பாலும் விருந்து மேசையில் மட்டுமே நினைக்கிறோம். அதே வசனம் தொழுமிடங்களுக்கு அழகிய ஆடையுடன் செல்லும்படி கூறித்தான் தொடங்குகிறது. அழகும் அளவும் ஒரே வசனத்தில் இணைந்திருப்பதை மாணவர்களுக்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டுவதுண்டு. மார்க்கம் அழகைத் தடுக்கவில்லை, அளவின்மையைத் தடுக்கிறது. செலவு செய்கையில் வீண்விரயமும் செய்யாமல் கஞ்சத்தனமும் காட்டாமல் நடுநிலையில் நிற்போரை அர்ரஹ்மானின் அடியார்கள் என்று ஸூரா அல்ஃபுர்கான் (25:67) சிறப்பிக்கிறது.

இந்த நடுநிலையை விளக்குக் கூட்டில் வைத்துப் பாருங்கள். துணி கிழிந்ததும் முழு விளக்கையும் எறிந்து புதியது வாங்குவது ஒரு முனை. கிழிந்து தொங்கும் துணியோடு, தூசியும் சிலந்தி வலையுமாக அதை விருந்தினர் அறையில் நிறுத்தி வைத்து, 'சிக்கனம்' என்று பெயர் சூட்டுவது மறுமுனை. எஞ்சியிருக்கும் நல்லதைக் காப்பாற்றி, கெட்டதை மட்டும் மாற்றுவதுதான் நடுவழி.

நம் முன்னோர்கள் இவ்வழியில் வெட்கப்பட்டதில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, தம் ஆடையைத் தைப்பார்கள், செருப்பைச் செப்பனிடுவார்கள், ஆண்கள் தம் வீடுகளில் செய்யும் வேலைகளைச் செய்வார்கள் என்னும் கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்ததை இமாம் அஹ்மத் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்த காலத்தில், அவர்களது தோள்களுக்கு இடையே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒட்டுத் துணிகளை அனஸ் (ரலி) அவர்கள் கண்டதாக முவத்தா கூறுகிறது. பெரும் பேரரசுகளை வென்ற ஆட்சியாளரின் சட்டையில் ஒட்டு இருந்தது. நம் வீட்டு விளக்கில் ஒட்டு இருந்தால் உறவினர்கள் என்ன நினைப்பார்கள் என்று நாம் கவலைப்படுகிறோம்.

சோமனூர்த் துணி

கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே இரயிலில் செல்வோர் சோமனூரில் இறங்கி இரண்டு தெரு நடந்தால், தறியோசை கேட்காத இடத்தைக் காண்பது அரிது. இங்குள்ள விசைத்தறிகளில் பெரும்பாலும் நெய்யப்படுவது காடாத் துணி. வெளுக்காமலும் சாயமிடாமலும் தறியிலிருந்து அப்படியே இறங்கும் பருத்தித் துணி அது. பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றியிருப்பதால் தொடுவதற்குச் சற்று விறைப்பாக இருக்கும். பருத்தியின் இயல்பான வெளிர்மஞ்சள் நிறமும், ஆங்காங்கே பருத்தி விதையின் நுண்ணிய பழுப்புத் துகள்களும் அதில் தெரியும். இங்கிருந்து வெளியூர்களுக்கும் வடமாநிலங்களுக்கும் சென்று, வெளுத்து, சாயமேறி, அச்சாகி, பல பெயர்களில் அது நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது.

விளக்குக் கூட்டுக்கு இதைவிடப் பொருத்தமான துணி இல்லை என்பது என் துணிபு. அடர்நிறத் துணி ஒளியை விழுங்கிவிடும். காடாவின் வெளிர்நிறம் ஒளியை வடிகட்டி இளஞ்சூடான நிறத்தில் அறைக்குள் அனுப்பும். பருத்தியாதலால் செயற்கை இழைத் துணியைப் போலச் சூட்டில் உருகி ஒட்டாது.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் மதரஸாவில் ஓதும் மேசை மீதிருந்த விளக்குக்கு மாணவர்களைக் கொண்டே துணி மாற்றினோம். வேலை முடிந்து விளக்கை ஏற்றியதும், ஒரு சிறுவன் கூட்டின் மீது குறுக்காக ஓடிய ஒரு மெல்லிய வெளிச்சக் கோட்டைக் காட்டி, "ஹஜ்ரத், இந்த இடத்துல மட்டும் ஏன் கோடு தெரியுது?" என்று கேட்டான். நான் விடை கூறுமுன், தறி ஓட்டுபவரின் மகனான மற்றொருவன், "ஊடை நூல் அறுந்திருக்கும். தறியை உடனே நிறுத்தலைன்னா அப்படித்தான் விட்டுப்போகும். அத்தா எட்டுத் தறியை ஒண்டியா பார்க்கிறாரு" என்றான். அதுவரை துணி என்பது கடையில் கிடைக்கும் பொருள் என்று மட்டுமே எண்ணியிருந்த பிள்ளைகள், அதற்குப் பின்னால் ஒரு மனிதர் நின்றுகொண்டிருப்பதை அன்று அறிந்தார்கள். துணியைச் சோதிப்பவர்கள் அதனை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பார்ப்பதன் காரணமும் அவர்களுக்கு விளங்கியது.

அந்த மனிதரைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும். இப்பகுதியின் விசைத்தறி உரிமையாளர்களில் பெரும்பாலோர் சொந்தமாகத் துணி நெய்து விற்பவர்கள் அல்லர். ஜவுளி உற்பத்தியாளர்களிடம் பாவும் நூலும் பெற்று, நெய்து கொடுத்து, கூலி வாங்குபவர்கள். அக்கூலியைக் கொண்டே மின்கட்டணம், உதிரிப் பாகங்கள், தொழிலாளியின் சம்பளம் ஆகிய அனைத்தையும் சமாளிக்க வேண்டும். கூலி உயர்வு கேட்டு 2022 சனவரியிலும், மீண்டும் 2025 மார்ச்சிலும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றன. இரண்டாம் முறை ஒரு மாதமளவுக்குத் தறியோசையின்றி இருந்த இவ்வூரின் அமைதி, இங்கு வாழ்ந்த யாருக்கும் இனிமையாக இருந்திருக்காது. பேசி முடித்த கூலி ஒழுங்காகக் கைக்கு வருவதில்லை என்பது அவர்களின் நெடுநாள் முறையீடு.

வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் எச்சரிக்கும் ஹதீஸ் குத்ஸீ புகாரீயில் உள்ளது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் ஹதீஸை நம் குழந்தைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் அதே குழந்தைகளை அழைத்துக்கொண்டு துணிக்கடைக்குச் செல்லும் நாம், ஒரு மீட்டருக்குச் சில ரூபாய்களைக் குறைப்பதற்காக அரைமணி நேரம் பேரம் பேசுகிறோம். பேரம் பேசுவது ஹலால்தான். வாங்குகையிலும் விற்கையிலும் பெருந்தன்மையோடு நடப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் அருள் வேண்டி துஆச் செய்துள்ளார்கள் என்பதும் உண்மைதான். அந்தத் துஆவுக்குள் நாமும் சேர விரும்பினால், ஒரு மீட்டர் துணியில் நாம் விட்டுக்கொடுக்கும் ஐந்து ரூபாய் பெரிய விலையன்று.

"எல்லோரும் பழையதையே செப்பனிட்டால் தொழில் எப்படி நடக்கும்?" என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நாம் எறிவது எதை, வாங்குவது எதை என்று பாருங்கள். துணி கிழிந்த விளக்கை எறிந்துவிட்டு நாம் வாங்கி வருவது பெரும்பாலும் நெகிழியால் ஆன, தொலைதூரத் தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்த்த விளக்கு. அதில் நம்மூர் நெசவாளிக்கு ஒரு காசும் இல்லை. பழைய கம்பிக்கு ஒரு மீட்டர் பருத்தித் துணி வாங்கினால் அவரது தறி ஓடும். அதைத் தைத்துத் தரும் தெருமுனைத் தையற்காரருக்கும் வேலை கிடைக்கும். செப்பனிடுவதால் ஊரின் உழைப்பு குறைவதில்லை. அது ஊருக்குள்ளேயே தங்குகிறது.

செய்முறை

இனி வேலைக்கு வருவோம். முதலில் விளக்கை மின்னிணைப்பிலிருந்து முற்றிலும் கழற்றி, பல்பை எடுத்துவிட வேண்டும். மின்கம்பியின் மேலுறை வெடித்திருந்தாலோ, பிளக் கருகியிருந்தாலோ, துணியைத் தொடுமுன் எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிசெய்துகொள்வது கட்டாயம். அழகான கூட்டுக்குள் ஆபத்தான கம்பி இருக்கக் கூடாது.

கூடுகள் பெரும்பாலும் இருவகைப்படும். மேலும் கீழும் இரண்டு வளையங்கள் மட்டும் இருந்து, இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாளில் துணி ஒட்டப்பட்டிருப்பது ஒரு வகை. இரண்டு வளையங்களையும் நெடுக்குக் கம்பிகள் இணைக்க, அவற்றின் மீது துணி தைக்கப்பட்டிருப்பது மற்றொரு வகை. எவ்வகையாயினும், பழைய துணியைக் கண்டபடி கிழிக்காமல், இணைப்பின் வழியே கத்தரித்துக் கழற்றுங்கள். அதுவே புதிய துணிக்கு அளவு மாதிரி. அதைச் செய்தித்தாளின் மீது விரித்து வரைந்து, நான்கு பக்கமும் அரை அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும். மேல்வளையம் சிறியதாகவும் கீழ்வளையம் பெரியதாகவும் இருக்கும் கூட்டின் துணி, விரித்தால் வளைந்த பிறை வடிவில் இருக்கும். அதை நேரான நீள்சதுரமாக வெட்டிவிட்டால் பின்னர் சுருக்கம் விழுவதைத் தவிர்க்க முடியாது.

கீழ்வளையத்தின் குறுக்களவு 10 அங்குலமானால் சுற்றளவு ஏறக்குறைய 31½ அங்குலம். மடிப்புக்கும் இணைப்புக்கும் சேர்த்தாலும், நேரான கூட்டுக்கு ஒரு மீட்டர் துணி தாராளமாகப் போதும்.

காடாத் துணியை வாங்கியவுடன் வெட்டிவிடக் கூடாது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து, அலசி, கஞ்சியை நீக்கி, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். முதல் நனைப்பில் அது சுருங்கும். சுருங்குவது வெட்டுமுன் நடந்துவிட்டால் நமக்கு நட்டமில்லை.

துணி உலரும் நேரத்தில் கம்பியைக் கவனியுங்கள். துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, ஒரு பூச்சு பெயிண்ட் அடித்து, நன்கு காயவிட வேண்டும். துரு இருக்கும் கம்பியின் மேல் துணியைப் போர்த்தினால், அடுத்த மழைக்காலத்தின் ஈரத்திலேயே பழுப்புக் கறை மேலே வந்துவிடும். தைக்கும் வகைக் கூடாயின், கம்பிகளின் மேல் பருத்தி நாடாவை இறுக்கமாகச் சுற்றுங்கள். ஊசி ஏறுவதற்கு அதுவே பிடிமானம்.

பின்னர், துணிக்கிளிப்புகளால் துணியைச் சுற்றிலும் பிடித்துக்கொண்டு, ஒரு நெடுக்குக் கம்பியில் தொடங்கி இழுத்து இழுத்துத் தைத்து வாருங்கள். ஒட்டும் வகையாயின், ஃபெவிகாலைத் தூரிகையால் மிக மெல்லியதாகவே தடவ வேண்டும். பசை திட்டாகப் படிந்த இடம் பகலில் தெரியாது. விளக்கை ஏற்றியதும் கறையாய்த் தெரியும். ஓரங்களை உள்ளே மடித்து, மேலே ஒரு நாடா வைத்து முடிக்கலாம். அன்னையின் பழைய புடவையிலிருந்து எடுத்த கரை இதற்கு மிகவும் பொருத்தம். இணைப்புக் கோடு சுவரைப் பார்த்திருக்கும்படி விளக்கை வையுங்கள்.

பல்பு எல்.இ.டி.யாகவே இருக்கட்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெப்பமாகவே வெளியிட்டது. பழைய துணிகள் பொரிந்து உதிர்ந்ததற்கு அவ்வெப்பமும் ஒரு காரணம். ஏறத்தாழ அதே ஒளியை 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. எந்தப் பல்பாயினும் துணிக்கும் அதற்கும் சில விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும். கூட்டின் மேல்வாயைத் துணியால் மூடிவிடக் கூடாது.

உறங்கச் செல்லும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதையும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று காரணம் கூறியதையும் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரீ பதிவு செய்கிறது. இன்று திரியும் இல்லை, எண்ணெயும் இல்லை என்று கூறி இந்த வழிகாட்டலை ஒதுக்கிவிட வேண்டாம். மின்கசிவும் அதே எலியின் பற்களும் இன்னும் இருக்கின்றன.

எத்தகைய துணி?

துணியைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று எச்சரிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவது, உயிரினங்களின் உருவம் அச்சிட்ட துணியைத் தவிர்க்க வேண்டும். கோடுகள், கட்டங்கள், இலைகொடிகள் போன்றவை தாராளமாக இருக்கலாம்.

இரண்டாவது, விலையுயர்ந்த பட்டு. பட்டாடை ஆண்களுக்குத் தடுக்கப்பட்டது என்பதை அனைவரும் அறிவோம். பட்டை விரிப்பாகவும் திரையாகவும் பயன்படுத்துவது குறித்து ஃபிக்ஹு நூல்களில் கருத்து வேறுபாடு உண்டு. அந்தச் சர்ச்சைக்குள் நம் விளக்கை இழுக்க வேண்டிய தேவை என்ன? பருத்தி இருக்கும் ஊரில் பருத்தியே போதும்.

மூன்றாவது, சற்று விரிவாகப் பேச வேண்டியது. குர்ஆன் வசனங்கள் அச்சிட்ட துணியால் விளக்கைப் போர்த்தும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. குறிப்பாக, ஸூரா அந்நூரின் ஒளி வசனம் (24:35). இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு என்பார்கள். உண்மையே. எகிப்திலும் சிரியாவிலும் மம்லூக் ஆட்சியாளர்கள் காலத்தில் பள்ளிவாசல்களுக்காகச் செய்யப்பட்ட கண்ணாடி விளக்குகள் பலவற்றில் இவ்வசனத்தின் பகுதி எழுதப்பட்டிருந்தது. அவை இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் உள்ளன. ஆனால் அவை பள்ளிவாசலின் உயரத்தில் தொங்கிய கண்ணாடி. நம் வீட்டு மேசையில் நிற்பதோ தூசி படியும் துணி. குழந்தையின் ஈரக்கை அதில் படும். பத்தாண்டுகளில் அது கிழியும். கிழிந்த அந்தத் துணியை என்ன செய்வீர்கள்? இறைவசனம் தாங்கிய துணியைக் குப்பையில் இட முடியாது. கைத்துணியாகவும் ஆக்க முடியாது. துணி என்பது மாற்றப்பட வேண்டிய பொருள் என்று அறிந்துகொண்டே, அதன்மீது மாற்றமில்லாத சொல்லை அச்சிடுவது பொருந்தாது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடையோரை நான் குறை கூறவில்லை.

அவ்வசனத்தின் உவமையைச் சிந்திப்போருக்கு வேறோர் அழகு தென்படும். அதில் மாடம் வருகிறது. மாடத்துக்குள் விளக்கு வருகிறது. அவ்விளக்கு ஒரு கண்ணாடிக்குள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அது இறைவனின் ஒளிக்கான உவமை. நம் மேசை விளக்குக்கான சட்டம் அன்று. எனினும் அந்தக் கண்ணாடி ஒளியை மறைக்கவில்லை, மேலும் மிளிரச் செய்கிறது என்பதைக் கவனிக்கலாம். வசனத்தை விளக்கின் மேல் ஒட்டுவதைவிட, அந்த விளக்கின் ஒளியில் அமர்ந்து அவ்வசனத்தை ஓதுவது மேலானதன்றோ?

பள்ளிவாசல் விளக்கு

வீட்டு விளக்கைப் பற்றிச் சொன்னவை பள்ளிவாசல் விளக்குக்கு அப்படியே பொருந்தா. பள்ளிவாசலுக்கென வழங்கப்பட்ட பொருள் அமானிதம். துணி கிழிந்தது, பழையதாயிற்று என்பதற்காக நிர்வாகிகளில் ஒருவர் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லவோ, குப்பையில் இடவோ உரிமையில்லை. இத்தகைய பொருள்களைக் குறித்து அறிஞர்கள் நுட்பமாகப் பேசியுள்ளனர். பள்ளிவாசலின் பாய் பயனற்றுப் போனால், அதை விற்று அத்தொகையைப் பள்ளிவாசலின் தேவைக்கே செலவிட வேண்டும் என்பது இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. வழங்கியவருக்கே அது திரும்பிச் சேரும் என்பது இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாத அளவுக்குப் பாய் நைந்துவிட்டால் விற்கலாம் என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்று. ஓலைப்பாய்க்கே இத்தனை கவனம் எனில், செப்பனிட்டால் இன்னும் இருபது ஆண்டுகள் உழைக்கும் விளக்கை எறிவது எவ்வாறு பொருந்தும்? ஒவ்வொரு மஹல்லாவிலும் ரமழானுக்கு முன் ஒரு நாள், பள்ளிவாசலின் பழுதடைந்த பொருள்களைக் கணக்கெடுத்து, செப்பனிடக்கூடியவற்றைப் பிரித்து, இளைஞர்களிடம் ஒப்படைக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

எப்போது விட்டுவிட வேண்டும்?

எல்லாவற்றையும் செப்பனிட்டே ஆக வேண்டும் என்று நான் கூறவில்லை. கம்பியே அரித்து ஒடிந்துவிட்டால், மின்பகுதி நம்பத்தகாத நிலையில் இருந்தால், அந்த விளக்கை வைத்துக்கொண்டு வீட்டாரின் உயிருக்கு ஊறு தேடுவது சிக்கனமன்று. அப்போதும் பித்தளை, இரும்பு, மரம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துப் பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுக்கலாம். தேவைக்கு மேல் நான்கு விளக்குகள் வீட்டில் இருந்தால், செப்பனிட்ட ஒன்றை, படிக்கும் பிள்ளை இருந்தும் தனி விளக்கில்லாத வீட்டுக்குக் கொடுங்கள். செப்பனிட்ட பின் கொடுங்கள். நாம் வாங்கிக்கொள்ளத் தயங்கும் நிலையில் உள்ளதைத் தர்மமாக வழங்கக் கருத வேண்டாம் என்ற கருத்தை ஸூரா அல்பகரா (2:267) நமக்குக் கற்பிக்கிறது. கிழிந்த விளக்கைக் கொடுப்பது நம் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டுக்கு மாற்றுவதே.

இந்த வேலையில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மகளிடம் ஊசியையும் மகனிடம் உப்புத்தாளையும் கொடுத்துவிட்டு, பின்னர் அவற்றை மாற்றிக் கொடுங்கள். வீட்டில் தைப்பது பெண்ணின் வேலை என்று கருதும் மகனுக்கு, நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்ததைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல தருணம் அமையாது. ஒரு பொருள் பழுதடைந்தால் எந்தப் பகுதி கெட்டது, எந்தப் பகுதி நன்றாக இருக்கிறது என்று பிரித்தறியக் கற்ற பிள்ளை, நாளை மனிதர்களிடத்தும் அவ்வாறே நடக்கும். உறவில் ஒரு பிழை நேர்ந்தவுடன் உறவையே வெட்டி எறியாமல், பிழையை மட்டும் களைய முயலும். நம் சமுதாயத்தில் இன்று எத்தனையோ குடும்பங்கள் ஒரு கிழிசலுக்காகப் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம். ஜமாஅத் அலுவலகத்தில் வந்து நிற்கும் பஞ்சாயத்துகள் பலவற்றில், கம்பி உறுதியாகத்தான் இருக்கிறது.

இந்த ரமழானுக்கு முன் உங்கள் அட்டாலியை ஒருமுறை பாருங்கள். அங்கே ஒரு விளக்கு இருந்தால் கீழே இறக்குங்கள். ஒரு மீட்டர் பருத்தித் துணி வாங்கி, அதன் விலையை மனநிறைவோடு கொடுங்கள். சஹர் நேரத்தில் அந்த விளக்கின் அடியில் அமர்ந்து ஓதும்போது, அத்துணியை நெய்தவருக்காகவும் ஒரு துஆச் செய்யுங்கள்.

நமக்கு வழங்கப்பட்ட அருட்கொடைகளை வீணாக்காமல் பேணவும், உழைப்பவரின் உரிமையை நிறைவாக வழங்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லுதவி புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.